அவள் பெயரில் ஓடிய வேலை

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேவயானி ஆபீஸைத் திறந்தபோது உள்ளே ஒருவரும் இல்லை. உத்தமபாளையத்தில் பழைய வீடு ஒன்றின் மாடி அது. சாத்திய சன்னல்களை மேல்காற்று அறைந்துகொண்டிருந்தது.

கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள சின்ன ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கும் வேலையெல்லாம் அங்கிருந்துதான் ஓடியது. புரோகிராம்களைக் கன்டெய்னர் என்னும் தனித்தனிப் பொட்டலங்களாகக் கட்டி, ஐந்து கம்ப்யூட்டர்களை ஒரே கிளஸ்டராகச் சேர்த்திருந்தார்கள். அத்தனையையும் மேய்க்க ஒரு மென்பொருள். நின்றுபோனதை அது தானாகவே எழுப்பிவிடும். அதன் புதிய வெர்ஷனை ஏற்றத்தான் வந்திருந்தாள்.

அந்தக் கிளஸ்டரைக் கட்டியவன் விஜய்பாண்டி. எட்டு மாதத்துக்கு முன் குமுளி மலைப்பாதையில் பைக்கோடு விழுந்து செத்துப்போனான். அவன் இடத்துக்கு வந்தவள் இவள். எதைச் சரிசெய்து கொடுத்தாலும் முதலாளி பவானியக்கா ஒரே பேச்சுத்தான் பேசுவார்.

"விஜய் இருந்திருந்தா பழுதாகவே விட்டிருக்க மாட்டாப்ல."

உயிரோடு இருப்பவனோடு போட்டி போடலாம். செத்தவன் இனி ஒரு தப்பும் செய்யப்போவதில்லையே. தேவயானிக்கு வயிறு எரிந்தது.

புதிய வெர்ஷன் ஏறத் தொடங்கியது. கூடவே, யாரும் சொல்லாத ஒன்றையும் செய்தாள். பயனர் பட்டியலில் இன்னும் கிடந்த விஜய்பாண்டியின் பெயரை அழித்தாள்.

ஒரு நிமிடத்தில் அது திரும்பி வந்தது.

பழைய அமைப்பு எதுவோ மீட்டுக் கொடுக்கிறது என்று நினைத்துத் தேடினாள். அப்படி ஒன்றும் இல்லை. மறுபடி அழித்தாள்.

மறுபடி வந்தது.

சூடேறிய பிரேக்கின் தீய்ந்த வாடை அறைக்குள் பரவியது. மலையிறங்கும் வண்டிகளில் அடிக்குமே, அந்த வாடை.

அவளுக்குப் பயத்தைவிட ஆங்காரம்தான் மிஞ்சியது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் முறை அழித்தாள்.

வரவில்லை. வாடையும் அடங்கியது. வெளியே காற்றும் சட்டென்று நின்றது. ஜெயித்துவிட்ட தெம்பில் நாற்காலியில் சாய்ந்தாள்.

திரையில் ஒரு வரி ஓடியது.

அதன் கீழே இன்னொன்று.

எல்லாம் கட்டளைகள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் 'தேவயானி' என்று இருந்தது.

அவள் கைகள் இரண்டும் மடியில் இருந்தன.

நிறுத்தப் பார்த்தாள். அவளுடைய கடவுச்சொல் தவறு என்றது திரை. அவள் கண்ணெதிரே கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகப் புதிய வெர்ஷனுக்கு மாறின. அவள் நினைத்தும் பார்த்திராத ஒரு நேர்த்தியோடு மாறின. பிடரியில் சில்லென்று ஒரு மூச்சு பட்டது.

"நான் போயிர்றேண்ணே," என்றாள். "ஒங்க எடம் எனக்கு வேணாம்."

மறுநாளே வேலையை விட்டாள். காரணம் சொல்லவில்லை. தேனியில் வேறொரு ஆபீஸில் சேர்ந்துகொண்டாள்.

ஒரு மாதம் கழித்துப் பவானியக்கா போன் செய்தார். வேலையை விட்ட பிறகும் தினமும் வீட்டிலிருந்தே கிளஸ்டரைப் பார்த்துக்கொள்கிறாளே என்று நெகிழ்ந்து பேசினார். நேற்றுக்கூட கம்பத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் டோக்கன் நின்றதும், யாரும் கூப்பிடும் முன்பே உள்ளே வந்து சரிசெய்துவிட்டாளாம். பதிவில் அவள் பெயர் இருந்ததாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தேவயானி அதைத் தொட்டதே இல்லை.

"இத்தன நாளா ஒன்னய ஒரு வார்த்த பாராட்டல, மனசுல வச்சுக்கிறாத தாயி," என்றார் பவானியக்கா. "விஜய்ய விட நீதான் கெட்டிக்காரி."