பலகைக்கு அந்தப் பக்கம்

தாளம் நின்ற பிறகும் ஒரு மிதி விழுந்தது.

ஷஹீன் பானு அந்தப் பழியைக் கலையரசி தலையில் போட்டாள். "ஏண்டி, நின்னா ஒழுங்கா நிக்க மாட்ட? அது இன்னா ஜாஸ்தியா ஒரு மிதி?"

"நானா? உனக்கு முன்னாடியே நின்னுட்டேன்டி."

டோலக்கை மடியில் வைத்திருந்த ஹீனா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பலகை ஆடியிருக்கும். பழைய கட்டடம்தானே."

மூவரும் ஆம்பூரில் ஒரே கல்லூரியில் பி.காம் இரண்டாம் வருஷம். பரீட்சைக்கு உதவாத இந்த ஆட்டத்துக்காக அவர்கள் வாங்காத பேச்சில்லை. ஹீனா வீட்டு மொட்டை மாடியில் ஆடினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஏறி வந்து சத்தம் போட்டார். கல்லூரி ஹாலில் ஆடினார்கள். பாதியில் விளக்கை அணைத்து வெளியே அனுப்பினார்கள். குடியாத்தத்தில் கலையரசி வீட்டு விசைத்தறிக் கொட்டகையில் ஆடிப் பார்த்தார்கள். தறி போட்ட இரைச்சலில் டோலக் காதிலேயே விழவில்லை. கடைசியில் ஹீனாவின் மாமு முக்தார் அகமதுதான் மூடிக் கிடந்த தன் தோல் பதனிடும் டேனரியின் சாவியைக் கொடுத்தார். "தோல் காயப்போட்ற மாடி சும்மாதான் கிடக்குது. இருட்றதுக்குள்ள இறங்கிடுங்க," என்றார். ஏனென்று அவர் சொல்லவில்லை. இடம் கிடைத்த சந்தோஷத்தில் இவர்களும் கேட்கவில்லை.

மாடித் தரை முழுக்க மரப்பலகை. ஈரத்தோலுக்குக் காற்று ஏறட்டும் என்று பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி விட்டிருந்தார்கள். அதன் வழியாகக் கீழேயிருந்து சுண்ணாம்பும் உப்பும் எப்போதோ ஊறிப்போன தோலும் கலந்த ஒரு வாடை, மழை பெய்த அன்றெல்லாம் கொஞ்சம் கூடுதலாக, மூச்சு விடுவதுபோல விட்டு விட்டு ஏறி வந்து துப்பட்டாவிலும் முடியிலும் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் கூடவே வரும். ஷஹீனைப் பெற்ற அம்மி மூக்கைச் சுளிப்பாள். ஷஹீனுக்கு அது பழகிவிட்டது. வெறுங்காலில் அந்தப் பலகையை மிதித்தால் கட்டடமே பதில் சொல்கிற மாதிரி இருக்கும். அந்தச் சத்தத்துக்காக எந்த நாற்றத்தையும் பொறுத்துக்கொள்வாள்.

மறுநாளும் அந்த மிதி வந்தது. முதலில் அவள் மிதித்த பிறகு, தயங்கித் தயங்கி, புதிதாகக் கற்றுக்கொள்கிற பிள்ளை மாதிரி. இரண்டு நாள் போனதும் தயக்கம் போய்விட்டது. அவள் காலும் அதுவும் ஒன்றாக விழுந்தன. கலையரசி மிதிக்கும்போது வரவில்லை. ஷஹீனுக்கு மட்டும்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு நின்றது. வேலூரில் ஆட்டப் போட்டிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். ஹீனா வேகத்தைக் கூட்டினாள். ஷஹீன் சுழன்று வந்து வலது காலைத் தூக்கினாள்.

மிதி கேட்டது.

அவள் கால் இன்னும் அந்தரத்தில் இருந்தது.

டோலக் நின்றது. கரண்ட்டும் போனது. தகரக் கூரையில் மழை சிதறத் தொடங்கியது.

ஷஹீன் தூக்கிய காலை மெல்ல இறக்கினாள். உள்ளங்கால் பலகையில் படிந்தது. இரண்டு பலகைக்கு நடுவே இருந்த சந்தில் ஏதோ பட்டது. வெதுவெதுப்பாக. ஈரமாக. அவள் குதிகாலை அழுத்தினாள். அதுவும் ஒரு குதிகாலை அழுத்தியது. கட்டைவிரலை மடக்கினாள். அந்தப் பக்கமும் ஒரு கட்டைவிரல் மடங்கியது.

உள்ளங்காலுக்கு நேர் உள்ளங்கால்.

காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பயத்தின் மேல் கோபம் ஏறியது.

"எவனோ கீழ நின்னு வெளையாட்றான்," என்றாள்.

"இவ்ளோ உயரத்துக்கா?" கலையரசி பலகைச் சந்தை விட்டுப் பின்வாங்கினாள். "வாடி, போய்டலாம். மாமு இருட்றதுக்குள்ள இறங்கச் சொன்னாருல்ல?"

"போய்ட்டு? நாளைக்கு எங்க ஆடுவ, சொல்லு. மாடில ஆடாத, ஹால்ல ஆடாத, வீட்ல ஆடாத. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இறங்கி இறங்கி வந்தோம். இங்கிருந்தும் இறங்கினா அப்புறம் ரோடுதான்டி."

ஷஹீன் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள்.

"ஹீனா, நீ வாசி. கலை, நீ ஆடு. மேல சத்தம் இருந்தா அவன் நகர மாட்டான். நான் போய்ப் பிடிக்கிறேன்."

மூலையில் கிடந்த ஒரு கழியை எடுத்துக்கொண்டாள். போன் வெளிச்சத்தில் படி இறங்கினாள். மேலே டோலக் தடுமாறி, பிறகு பிடித்துக்கொண்டது. கலையரசியின் கால்களும் சேர்ந்தன. அவற்றின் சத்தம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறவரை ஷஹீனுக்குத் தைரியம் இருந்தது.

கீழே ஆள் இல்லை. தோல் பதனிடும் மர டிரம்கள், ஒவ்வொன்றும் ஒரு அறை அளவுக்கு, வாய் திறந்து வரிசையாக நின்றன. தரையில் தூசி. அந்தத் தூசியில் ஒரு காலடிகூட இல்லை.

"யாரு? வெளிய வா!"

மழைச் சத்தம்தான் கேட்டது. நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. துடைத்தாள். கொழகொழவென்று இருந்தது. சுண்ணாம்பு வாடை.

வெளிச்சத்தை மேலே திருப்பினாள்.

பலகையின் அடிப்பக்கம் அது நின்றுகொண்டிருந்தது. தலைகீழாக. பாதங்கள் மரத்தில் படிந்திருந்தன. மயிர் நீக்கிய தோலின் வெளிறிய நிறம். ஒரு பெண்ணின் உயரம். கைகள் ஆட்டத்தின் தொடக்கத்துக்கு விரிந்திருந்தன, ஷஹீன் விரிப்பது மாதிரியே. கலையரசி அதன் பாதங்களுக்கு மேலேயே மிதித்து ஆடினாள். அது அசையவில்லை. கலையரசிக்காக அது காத்திருக்கவில்லை.

ஓடு என்றது உடம்பு. ஷஹீன் ஓடவில்லை. கழியை இறுக்கிப் பிடித்தாள்.

"இது எங்க இடம்," என்றாள். குரல் உடைந்தது. மறுபடி சொன்னாள். "எங்க இடம். நீ போ."

ஒரு பாதம் பலகையிலிருந்து பிய்ந்தது. ஈரத்தோலை உரிக்கிற சத்தம். பிறகு அடுத்தது.

அது விழவில்லை. இறங்கியது. தண்ணீருக்குள் இறங்குவதுபோல, நிதானமாக, புரண்டு, அவள் எதிரில் நேராக வந்து நின்றது.

முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தோல்.

அவள் கண்ணை எடுக்கவில்லை. பல்லைக் கடித்தாள். அழக்கூடாது. இதன் முன்னால் அழக்கூடாது. கழியை ஓங்கி அதன் தோளில் அடித்தாள். கழி பதிந்தது. ஊறிய மாவில் பதிகிற மாதிரி. இழுத்தால் வரவில்லை. விட்டுவிட்டாள்.

தோலுக்கு அடியில் ஏதோ அசைந்தது. மூக்கு எழும்பியது. கன்னம் திரண்டது. உதடு பிளந்தது. ஷஹீனின் மூக்கு. ஷஹீனின் உதடு.

அவள் அழவில்லை. அந்த முகம் அழுதது. அவள் அடக்கி வைத்த பயமெல்லாம் அதில் இருந்தது. வாய் கோணி, கண் பிதுங்கி, தாரை தாரையாக.

மேலே டோலக் நின்றது.

"ஷஹீன்?" கலையரசி கூப்பிட்டாள். "இன்னா ஆச்சுடி? யாராவது இருக்காங்களா?"

இறங்கி வராதீங்கடி, ஜன்னல் வழியா குதிச்சு ஓடுங்க. சொல்ல வாயைத் திறந்தாள்.

எதிரில் இருந்த வாய் அதற்கு முன்பே திறந்தது.

"ஒண்ணுமில்லடி. வர்றேன்."

அச்சு அசல் அவள் குரல். ஷஹீனின் தொண்டையில் காற்று மட்டும் வந்தது. குரல் இல்லை.

அது படிக்கட்டுப் பக்கம் திரும்பியது.

ஷஹீன் ஓடினாள். கதவைப் பார்த்து அல்ல. அதற்கு முன்னால் போய் முதல் படியில் ஏறி, இரண்டு கையையும் இரண்டு பக்கச் சுவரிலும் ஊன்றிக்கொண்டு நின்றாள். சுவரில் நகம் ஒடிந்தது. நகரவில்லை.

"சீக்கிரம் வாடி," மேலேயிருந்து கலையரசி.

"தோ, வந்துட்டேன்," என்றது அது, அழுதுகொண்டே, அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். பிறகு படி ஏறுவதுபோல வலது காலைத் தூக்கி, ஷஹீனின் வெறும் பாதத்தின் மேல், வெதுவெதுப்பாக, வைத்தது.