இனயத்து மக்கரோன்

ஸ்மைலினுக்கு வாய் சும்மா இருக்காது. மறைக்கல்வி வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிட்டாள். நாளை, ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் எல்லோருக்கும் புதுநன்மை; முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள்.

"பூசை முடிஞ்சதும் எங்க வீட்டுக்கு வாங்க. எனக்க அக்கா மக்கரோன் செய்யுதா!"

"தூத்துக்குடி மக்ரூன்தானே? நான் தின்னிருக்கேன்" என்றான் ஜெனிஷ்.

"இது ஃப்ரான்ஸ் நாட்டு மக்கரோன், கேட்டியா? ரோஸ் கலர். ரெண்டு வட்டத்துக்கு நடுவுல கிரீம் இருக்கும். நம்ம ஊருல யாருமே செஞ்சதில்ல!"

அது உண்மைதான். அஜிதா அக்காவும் செய்ததில்லை. போனில் பார்த்து இப்போதுதான் படித்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் அக்காவின் கைவேலையைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வந்துவிடும். முட்டை வெள்ளைக்கருவில் சர்க்கரை சேர்த்து நுரைக்க நுரைக்க அடித்தாள். பிறகு பாத்திரத்தை ஸ்மைலினின் தலைக்கு மேலே கவிழ்த்தாள். ஸ்மைலின் கண்களை இறுக மூடிக்கொண்டாள். ஒரு துளிகூட விழவில்லை!

"விழலேன்னா பதம் சரி" என்று அக்கா சிரித்தாள்.

அடுத்து பாதாம் பொடியைச் சேர்த்து மெதுவாகக் கலந்தாள். கூம்புப் பையில் நிரப்பி, தட்டில் குட்டிக் குட்டி வட்டங்களாகப் பிழிந்தாள். எல்லாம் ஒரே அளவு! ஸ்மைலின் வாயைப் பிளந்து பார்த்தாள்.

இனி வட்டங்களின் மேல்புறம் காய வேண்டும். தொட்டால் விரலில் ஒட்டக்கூடாது. அதன்பிறகுதான் ஓவன். அக்கா தட்டைக் கடலைப் பார்த்த சன்னலில் வைத்தாள். கடற்கரை ஊரான இனயத்தில் நெத்திலியானாலும் பள்ளிச் சீருடையானாலும் கடல் பக்கம் போட்டுத்தானே காய வைப்பார்கள்?

வெகுநேரம் ஆகியும் விரலில் ஒட்டியது. பொறுமை இழந்து ஓவனில் வைத்தாள். எல்லாம் மேலே வெடித்து, சப்பையாக வந்தன. அடியில் சுற்றிலும் சேலை மடிப்புபோல் வரவேண்டிய அழகான கொசுவம் வரவே இல்லை. இரண்டாம் தடவையும் அதே கதை.

இனி ஒரே ஒரு தடவைக்குத்தான் பாதாம் பொடி இருந்தது. அக்கா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கண்கள் கலங்கியிருந்தன.

"விடு மக்களே, அச்சப்பம் இருக்கு. அதைக் குடுப்போம்" என்றாள் அம்மா பேபி.

ஸ்மைலின் அக்காவின் அருகே போய் நின்றாள். தான் பெருமை அடித்ததால் அல்லவா அக்காவுக்கு இந்தக் கஷ்டம்?

"அக்கா, நீ அழாத. நான் சும்மா பீத்துனேன்னு எல்லாருகிட்டயும் சொல்லிருதேன்."

"ஏட்டி, போ!" அக்கா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

ஸ்மைலின் சன்னலோரம் கிடந்த அச்சப்பம் ஒன்றை எடுத்துக் கடித்தாள். சவசவ என்று இருந்தது.

"அம்மா, இது நமுத்துப் போச்சு!"

"சன்னல்ல போட்டா நமுக்காதா? டப்பாவுல பாரு, மொறுமொறுன்னு இருக்கும்."

ஸ்மைலின் மெல்லுவதை நிறுத்தினாள். சுட்ட அச்சப்பமே இந்தக் காற்றில் ஈரமாகிவிட்டதே!

"அக்கா! மொறுமொறுப்பா இருந்ததையே இந்தக் காத்து நமுக்க வைக்குது. ஈரமா இருக்கதை எப்படிக் காய வைக்கும்?"

"அப்போ நெத்திலி மட்டும் காயுதே?" என்றாள் அக்கா.

"அதைக் காய வைக்கது வெயிலு. சன்னல்ல வெயில் எங்க இருக்கு?"

அக்கா தங்கையையே பார்த்தாள். மறுநொடி எழுந்துவிட்டாள். "ஏட்டி, சன்னலைச் சாத்து!"

ஸ்மைலின் ஒன்றுவிடாமல் சாத்தினாள். அக்கா ஓவனை லேசாகச் சூடாக்கி, கதவைத் திறந்துவைத்து, அந்தச் சூட்டுக்கு அருகே புதுத் தட்டை வைத்தாள். மின்விசிறியும் ஓடியது. மூவருக்கும் வியர்த்துக் கொட்டியது.

"மக்கரோன் காயுமுன்ன நாம வெந்துருவோம்" என்றாள் அம்மா.

கடைசியில் ஸ்மைலின் ஒரு விரலால் மெல்லத் தொட்டாள். ஒட்டவில்லை!

தட்டு ஓவனுக்குள் போனது. இருவரும் கண்ணாடிக் கதவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்கள். வட்டங்கள் மெல்ல எழும்பின. அடியில் குட்டிக் கொசுவங்கள் சுற்றிலும் வந்தன. அக்காவும் தங்கையும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் வெள்ளை உடுப்போடு வகுப்பே வந்து நின்றது. ஜெனிஷ் ஒன்றைக் கடித்தான். மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெதுமெதுப்பு. உடனே இன்னொன்றை எடுத்தான்.

"அக்கா, இதை எப்படிச் செய்யது?" என்று வாயில் கிரீமோடு கேட்டான்.

அக்கா ஸ்மைலினைப் பார்த்தாள். "நீ சொல்லு, மக்கா."

ஸ்மைலின் நிமிர்ந்து நின்றாள்.

"முதல்ல போய் சன்னலைச் சாத்தணும்!"