தானாக நழுவிய குதிரை

துப்பாக்கியின் லாக்கில் பழுதே இல்லை.

ராஜபாண்டி அதில் சுத்தியல்போல் அடிக்கும் குதிரையைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தான். ‘டிக்’ என்று அதைத் தாங்கும் பல்லில் போய் உட்கார்ந்தது. தட்டினான், குலுக்கினான், மேசையில் மோதினான். விழவில்லை. நெருப்பெரிச்சல் ஊரிலுள்ள பனியன் கம்பெனியில் பின்னல் மிஷின்களைப் பிரித்துப் பூட்டுகிறவன் அவன். இவ்வளவு கெட்டியான பல் தானாக நழுவாது என்று அவனுக்குப் புரிந்தது.

பன்றி விரட்டும் நாட்டுத் துப்பாக்கி அது. முந்தாநாள் குதிரை தானாக நழுவித்தான் தன் தம்பி தங்கதுரைக்குக் குண்டு பட்டது என்று அங்கமுத்து ஊரெல்லாம் சொல்லியிருந்தார். தம்பி இன்று காலை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நாளை போலீஸ் வரும். வெள்ளகோவிலுக்கு வெளியே, அங்கமுத்துவின் தோட்டத்து மோட்டார் ரூமில், குழலிலிருந்து கழற்றிய லாக் மட்டும் மேசைமேல் கிடந்தது. தகரக் கூரையில் மழை சடசடக்க, கிரீஸ் வாடையும் நனைந்த தேங்காய் மட்டையின் புளித்த வாடையும் கலந்து வீச, மங்கிய பல்பு வெளிச்சத்தில் அவர்கள் நிழல் சுவரில் நீண்டும் சுருங்கியும் ஆடிக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, இதுல ஒரு கொறையும் இல்லியே.”

அங்கமுத்து கதவைத் தாழிட்டார். “இல்லீனா உண்டு பண்ணு கண்ணு. அந்தப் பல்லை அரத்துல தேச்சுப்போடு. தொட்டா குதிரை கீழ உழுகோணும்.”

“தப்புல்ல அண்ணாச்சி?”

“உன்ற பொண்டாட்டி மாசமா இருக்கறா. எங்க லைன் ஊட்டுலதான குடியிருக்கீங்க?” அவர் குரல் உயரவே இல்லை.

ராஜபாண்டி ஸ்பிரிங்கைக் கழற்றி இடதுகையில் வைத்துக்கொண்டான். குதிரை உயிரற்றுத் துவண்டது. அரத்தை எடுத்துப் பல்லில் தேய்த்தான்.

கரகரப்புக்கு நடுவே இன்னொரு சத்தம். நெஞ்சுக்குள் தண்ணீர் தேங்கியவர் மூச்சு இழுப்பதுபோல. அவன் நிறுத்தினான். அதுவும் நின்றது. தேய்த்தான். மறுபடி இழுத்தது.

“அண்ணாச்சி, நீங்களா?”

அங்கமுத்துவின் கண் மேசைமேல் இருந்தது.

கருமருந்து எரிந்த வாடை. இரும்பு சூடேறியது. அவன் கையை எடுத்துக்கொண்டான்.

குதிரை அசைந்தது. ஸ்பிரிங் அவன் கைக்குள்தான் இருந்தது. ஆனாலும் யாரோ கட்டைவிரல் வைத்து இழுப்பதுபோல அது பின்னுக்குப் போனது. டிக். தேய்ந்த பல் தாங்கியது. லாக் மேசையில் உராய்ந்து, அங்கமுத்து நின்ற கதவுப் பக்கம் திரும்பியது.

“தங்கதுரை... வேண்டாஞ் சாமி...”

குதிரை விழுந்தது.

வெடிச்சத்தம் இல்லை. அங்கமுத்து குனிந்து தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். நெஞ்சில் ஒரு ஓட்டை. அதிலிருந்து புகை. பிறகு ரத்தம். கதவில் சாய்ந்தபடியே சரிந்து, வழியை அடைத்து உட்கார்ந்தார்.

மேசைமேல் மறுபடி உராயும் சத்தம்.

ராஜபாண்டி அரத்தைக் கீழே போடப் பார்த்தான். விரல் பிரியவில்லை. லாக் அவன் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது. குதிரை மெல்ல, மிக மெல்ல, பின்னுக்குப் போனது.