வெட்டுவாயில் பால்

காற்றே இல்லை. இருந்தும் ஜெஸ்ஸியின் தோளை உரசிக்கொண்டு ஒரு வெப்பாலைக் கிளை வந்து விழுந்தது. குனிந்து எடுத்தாள். ஒடிந்ததல்ல, கத்தியால் சாய்வாக, ஒரே வீச்சில் வெட்டியது. வெட்டுவாயில் பால் இன்னும் வடிந்துகொண்டிருந்தது.

அச்சரப்பாக்கத்தை ஒட்டிய அந்தக் காட்டு மலையில் எத்தனை வகை மரங்கள் இருக்கின்றன, எது எதை அண்டி வளர்கிறது என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. போன கோடையில் பார்த்த அதே சரிவுக்குத் தோழி ஷபானாவோடு மறுபடி வந்திருந்தாள். அப்போது மரமேறிக் கிளை வெட்டித்தர சாலமோன் என்றொருவர் இருந்தார். இப்போது இல்லை.

அன்று, பெயர் தெரியாத நெடுமரம் ஒன்று. பூவோடு கிளை கிடைத்தால்தான் பெயரை உறுதி செய்ய முடியும்.

"மேல பட்டுப் போயி கீதும்மா, தாங்காது," என்றார் அவர், பாதி மரத்தில் நின்றுகொண்டு.

"ஒண்ணும் ஆகாது. இன்னும் கொஞ்சம் மேல போங்க," என்றாள் இவள்.

போனார்.

எப்படி விழுந்து செத்தார் என்று கேட்டவர்களிடமெல்லாம், குடித்துவிட்டுத் தானாக ஏறினார் என்று சொல்லிவிட்டாள். செங்கல்பட்டில் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி ராஜம் அழக்கூட இல்லை. "அவுரு குடிக்கவே மாட்டாரேம்மா," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இப்போது மலைக்குப் பின்னால் வெயில் இறங்கி, இலைகளுக்கடியில் இருட்டு ஊறத் தொடங்கியிருந்தது. சரிவெங்கும் மக்கிய சருகின் புழுக்கம், அதனூடே யாரோ வெகுநேரம் வியர்த்து நிற்பதுபோல ஒரு வாடை. ஷபானா அளவு நாடாவோடு பாறைக்கு அந்தப்புறம் இருந்தாள். ஜெஸ்ஸி அடுத்த மரத்துக்கு நகர்ந்தாள். வீரை. அதன் கிளை ஒன்று காலடியில் விழுந்தது. தேற்றாவின் பக்கம் போனாள். தேற்றாங்கிளை. உசில். வக்கணை. எந்த மரத்தடியில் நின்றாலும் அந்த மரத்தின் கிளை, சாய்வாக வெட்டுப்பட்டு, அவள் கைக்கெட்டும் தூரத்தில்.

போதும் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

பாறைக்கு அந்தப்புறமிருந்து ஷபானாவின் குரல் கேட்டது. "யாரையும் மரத்துல ஏத்தாதன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே, ஜெஸ்ஸி. யாருடி அது மேல?"

ஜெஸ்ஸி அண்ணாந்து பார்த்தாள்.

வீரையில் இரண்டு பாதங்கள். தேற்றாவில் இரண்டு. உசிலில். வக்கணையில். கண் போன தூரம்வரை, எந்த வகை மரமானாலும், அதன் கவட்டில் வெடித்த குதிகால்கள், பட்டையைக் கவ்விய விரல்கள். முழங்காலுக்கு மேலே இலை மறைத்திருந்தது. எதுவும் அசையவில்லை. காத்திருந்தன.

பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் ஏறத் தொடங்கின. மெதுவாக. மெல்லிய கிளைகளை நோக்கி.

எங்கோ ஒரு கிளை நெரிந்தது. அப்புறம் இன்னொன்று.

அப்புறம் காடு முழுவதும்.