ஏழாம் தூணின் கயிறு

சுற்றுலாக் கப்பலின் இயந்திரங்கள் ஓய்ந்த பிறகும் வெர்னாவின் செருப்புக்கு அடியில் துறைமேடை அதிர்ந்துகொண்டிருந்தது. காலை எட்டு மணி. டீசல் புகையும், இறங்கி வரும் பயணிகள் உடம்பெல்லாம் பூசியிருந்த வெயில் களிம்பின் தேங்காய் வாசனையும், மேடைக்கு அடியில் அழுகிய பாசியின் நாற்றமும் ஒன்றாகக் கலந்து அடித்தன. வரவேற்புக்கு நிறுத்தியிருந்த எஃகு முரசுக்காரர்கள் அப்போதுதான் வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். அதிர்வு அவர்களுடைய தாளத்தோடு சேரவில்லை. தனியாக, கீழிருந்து வந்தது. நான்கு தட்டு. சற்று இடைவெளி. மறுபடி நான்கு.

வெர்னாவின் கையிலிருந்த, தன் சுற்றுலா வேனின் பெயர்ப்பலகை நழுவியது.

பதினொரு வருடங்கள் அவள் தன் கணவன் கத்பெர்ட்டுக்குக் கயிறு பிடித்தவள். அவன் இடுப்பில் கயிற்றோடு சிங்கி இறால் பிடிக்க மூழ்குவான். மறுமுனை படகில் அவள் கையில் இருக்கும். ஒரு இழுப்பு என்றால் நலம். இரண்டு என்றால் இன்னும் கயிறு விடு. நான்கு என்றால் என்னை மேலே தூக்கு.

இந்த மேடை கட்டும்போது கத்பெர்ட்டை முக்குளிப்பு வேலைக்கு எடுத்தார்கள். கயிறு பிடிக்க அவளும் வருவதாகச் சொன்னாள். வேலைத்தளத்தில் பெண்களுக்கு இடமில்லை என்றான் மேலாளர் டெல்சால். ஏழாம் தூணுக்குச் சிமெண்ட் கொட்டவிருந்த அச்சுக்குள் அடிமண்ணைச் சுத்தம் செய்ய கத்பெர்ட் இறங்கிய நாளில், கயிறு பிடித்தவனை டெல்சால் வேறு வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டான். முதல் கப்பல் வரும் தேதி நெருங்கிவிட்டது. சிமெண்ட் கலவை காத்திருந்தது. கொட்டினார்கள். கயிறு பிடித்தவனே ஒருநாள் குடித்துவிட்டு வந்து அவள் வாசலில் அழுதுகொண்டே இதைச் சொன்னான். மறுவாரமே ஊரை விட்டுப் போய்விட்டான். கத்பெர்ட் அன்று வேலைக்கே வரவில்லை, மார்ட்டினிக் தீவுக்காரி ஒருத்தியோடு ஓடிவிட்டான் என்று டெல்சால் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

இரண்டு வருடங்களாக அந்த மேடையில் நின்றுதான் அவள் தன் வேனுக்கு ஆள் ஏற்றுகிறாள். தினமும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"அக்கா, என்ன முகம் இப்படிப் போச்சு?" என்றான் கப்பலின் வடக்கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த துறைமுகக்காரன்.

"கீழ தட்டுற சத்தம் கேக்கலையா?"

"மேடையோரத்து டயர்ல கப்பல் உரசுது. தினமும் கேக்கறதுதானே!"

உரசல் எண்ணிக்கொண்டு உரசாது. அவள் பயணிகளை ஏற்றிக்கொண்டு வேனை எடுத்தாள்.

எட்டு மணி நேரத்தில் நான்கு இடங்கள். அருவி, கோட்டை, வெந்நீர் ஊற்று, கடைசியாகக் கறுப்பு மணல் குடா. வழியெல்லாம் அவள் பாதம் அந்த அதிர்வைத் தேடிக்கொண்டே இருந்தது. மலைப்பாதையில் அது இல்லை. குடாவுக்கு இறங்கியதும், ஈர மணலில் கால் வைத்ததும், மிக மெலிதாக, தொலைவில் யாரோ மரக்கட்டையை அடிப்பதுபோல வந்தது. துறைமேடை அங்கிருந்து ஐந்து மைல்.

முழங்கால் நீரில் நின்ற ஒரு வயதான பயணி திரும்பிப் பார்த்தாள். மிஸஸ் ஹார்லன். தனியாக வந்தவள்.

"இங்க தண்ணிக்குள்ள யாராவது வேலை செய்யறாங்களாம்மா? கால்ல தட்டுற மாதிரி இருக்கு."

இந்த இரண்டு வருடத்தில் போலீஸ்காரன் கேட்கவில்லை, பாதிரியார் கேட்கவில்லை, துறைமுக அலுவலகத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி கேட்கிறாள். நீரில் நின்றபடியே வெர்னா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

மிஸஸ் ஹார்லன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர் பேரு என்ன?"

"கத்பெர்ட்."

"கத்பெர்ட்," என்று அவள் திருத்தமாகத் திரும்பச் சொன்னாள். "ஊருக்குப் போனதும் எழுதறேன். எனக்குத் தெரிஞ்ச பத்திரிகைக்காரங்க இருக்காங்க. இதை விடக் கூடாது."

துறைமேடைக்குத் திரும்பியபோது மாலை நான்கரை. பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். மேடை முழுவதும் இப்போது அதிர்ந்தது. கைப்பிடிக் கம்பிகள் நடுங்கின. முரசுக்காரனின் குச்சிகள் தாமாகவே உருண்டு விழுந்தன. கப்பல் ஏணியின் அருகில், பெட்டியும் கையுமாக டெல்சால் நின்றிருந்தான். தெற்கே அடுத்த தீவில் இதே போல ஒரு மேடை கட்டப் போகிறார்கள். அதைப் பேசி முடிக்க இதே கப்பலில் போகிறான்.

வெர்னா நேரே அவன் முன்னால் போய் நின்றாள்.

"ஏழாம் தூணை உடைச்சுப் பாக்கணும், மிஸ்டர் டெல்சால். உள்ள இருந்து தட்டறாரு."

அவன் சுற்றிலும் பார்த்தான். பயணிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினான். "உன் புருஷனுக்கு அந்த மார்ட்டினிக்காரி அலுத்துப் போனா தானே திரும்பி வருவான். விருந்தாளிங்க முன்னால நாடகம் போட்டேன்னா நாளையிலேருந்து உன் வேன் இந்த வாசலுக்குள்ள வராது. போ. போய் மூஞ்சியைக் கழுவு."

அறைந்திருக்கலாம். கை எழவில்லை. அவன் ஏறிப் போனான். காது இரண்டும் கொதித்தன. அவள் மேடையின் ஓரத்திலிருந்த இரும்பு ஏணி வழியாகக் கீழே இறங்கினாள்.

மேடைக்கு அடியில் பகல் இல்லை. பச்சை இருட்டு. தூண்கள் வரிசையாக நீருக்குள் இறங்கின. அலை ஒவ்வொன்றிலும் மோதி, பெருமூச்சு விட்டுப் பின்வாங்கியது. அடியில் ஓடிய குறுகிய நடைபலகையில் தூண்களைத் தொட்டபடி போனாள். ஐந்து. ஆறு. ஏழு.

தூண் வெதுவெதுப்பாக இருந்தது.

உள்ளங்கையை வைத்தாள். நான்கு தட்டு. நேராக உள்ளங்கையில்.

நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, சிமெண்டிலிருந்து ஏதோ முளைத்திருந்தது. கடற்சிப்பி அப்பிய கயிறு. நேற்றுவரை இல்லாதது. பிடித்தாள். அது நகர்ந்தது. சிமெண்டுக்குள்ளிருந்து அங்குலம் அங்குலமாக வெளியே வந்து, அவள் காலடியில் சுருண்டது. அவளே முறுக்கிக் கொடுத்த கயிறு. அவள் போட்ட முடிச்சு. அதற்கு மேல் வரவில்லை.

இழுத்தாள். கத்தினாள். காலைத் தூணில் உதைத்து இழுத்தாள். ஒரு பெண்ணின் பலத்துக்கு அது அசையாது.

தலைக்கு மேலே கப்பலின் சங்கு ஊதியது. பின்புற வடக்கயிறு தளர்ந்து, அவள் எட்டும் உயரத்தில் பெரிய கண்ணியாகத் தொங்கி ஆடியது. இன்னும் சில நிமிடங்களில் அவிழ்த்துவிடுவார்கள். கப்பல் அதைத் தன்னிடம் சுருட்டிக்கொள்ளும்.

தூக்கு என்கிறான் கத்பெர்ட். நீயே தூக்கு, டெல்சால். கொன்றவர்களே தூக்குங்கள்.

அந்த நிமிடத்தில் அவளுக்கு மிஸஸ் ஹார்லனின் நினைவு வரவில்லை. அந்தக் கப்பலில் யாருடைய நினைவும் வரவில்லை. டெல்சாலின் சிரிப்பு மட்டும் தெரிந்தது. கயிற்றின் முனையை வடக்கயிற்றோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள்.

கப்பல் நகர்ந்தது. கயிறு விறைத்தது. சிப்பிகள் தெறித்தன. தூணின் குறுக்கே ஒரு கீறல். அதிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு கை வெளியே வந்தது. தோள். தலை. கண்ணும் வாயும் சிமெண்டால் அடைத்த முகம். அது அவள் பக்கம் திரும்பவே இல்லை. கயிற்றைப் பற்றிக்கொண்டு நீருக்குள் சரிந்தது.

"கத்பெர்ட்?"

பதில் எட்டாம் தூணிலிருந்து வந்தது. விரிசல். ஒரு கை. பிறகு ஒன்பதாவது. மூன்றாவது. எல்லாத் தூண்களும். அவளுக்குத் தெரியாத ஆண்கள். வேறு தீவுகளிலிருந்து வேலைக்கு வந்து, யாரும் தேடாமல் போனவர்கள். ஒருவர் பின் ஒருவராக அந்தக் கயிற்றைப் பிடித்தார்கள். கைமாற்றிக் கைமாற்றி. கப்பலை நோக்கி. மேலே தளத்தில் பயணிகள் கரையைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள்.

வெர்னா பயணிகளைப் பார்த்துக் கூச்சலிட்டாள். அவர்களும் உற்சாகமாகத் திரும்பக் கத்தினார்கள்.

மறுநாள் காலை அவள் அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். தொலைபேசி அடித்தது. தெற்குத் தீவில் வேன் ஓட்டும் சித்தி மகள் யூலாலி.

"ஏய் வெர்னா, நேத்து உங்க ஊர்லருந்துதானே இந்தக் கப்பல் கிளம்புச்சு?"

"ஆமா."

"சரியான நேரத்துக்கு வந்து நின்னுருச்சு. பாட்டுகூடப் போடறாங்க. ஆனா இறங்கி வர்றவங்க யாரும் பயணிங்க இல்லடி. வேலை உடுப்பு. உடம்பெல்லாம் சாம்பல். வாசல்ல இருந்த காவல்காரனுங்க எல்லாம் ஓடிட்டானுங்க."

"அவங்கள்ல கத்பெர்ட் இருக்காரா? பாத்துச் சொல்லு."

"எப்படிடி சொல்றது? ஒருத்தனுக்கும் முகம் இல்ல. நேரா டவுனுக்குள்ள நடந்து போறானுங்க."

"கப்பல்ல இருந்தவங்க?"

யூலாலிக்குப் பின்னால் எஃகு முரசு உற்சாகமாக வாசித்துக்கொண்டிருந்தது.

"ஜன்னல் எல்லாத்தையும் உள்ளருந்து சிமெண்ட் போட்டு அடைச்சிருக்கு, வெர்னா. அடியிலேருந்து மேல்தளம் வரைக்கும். ஒண்ணே ஒண்ணுலதான் ஒரு கை வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. வயசான பொம்பளை கை." அவள் குரல் உடைந்தது. "சிமெண்ட் இறுகிருச்சு. விரல் இன்னும் அசையுதுடி."