இர்மா சூப்பை ஊதும் நேரம்

எங்கள் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் இர்மாவைப் போல் சூப்பை ஊதுகிறவர் வேறு யாரும் கிடையாது. தட்டு வந்ததும் தலையைக் குனிவாள், கண்ணை மூடுவாள், உதட்டைக் குவித்து ஊதுவாள். எண்ணினால் இருபது வரைக்கும் போகும். அதுவரை கரண்டியைத் தொடமாட்டாள்.

சமையல்கார சூரா அக்காவுக்கு இதில் மனக்குறை. “ஆத்தித்தான் ஊத்தறேன். அப்படி என்ன சுடுதாம் இவளுக்கு?” என்பார்.

எனக்குத் தெரியும். அவள் ஜெபம் செய்கிறாள். பள்ளியில் யாரும் ஜெபம் செய்யக் கூடாது என்று அப்போது அரசாங்கக் கட்டளை. ஊதக் கூடாது என்று கட்டளை இல்லை. அவள் ஊதி முடிக்கும்வரை பக்கத்தில் நானும் சாப்பிடாமல் இருப்பேன். எனக்கு ஜெபமெல்லாம் தெரியாது. தனியாகச் சாப்பிடப் பிடிக்காது, அவ்வளவுதான்.

என் பெயர் பெர்மெத். தலாஸ் ஆற்றோரம் எங்கள் தெருவில் பாதி எங்களைப் போன்ற கிர்கிஸ் வீடுகள், பாதி இர்மாவைப் போன்ற ஜெர்மன் வீடுகள். இர்மாவின் அப்பா கூட்டுப் பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர். வீட்டில் ஆட்களைக் கூட்டி ஜெபம் நடத்தியதற்காக அவரை மாட்டுக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம்தான். ஆனால் வகுப்பில் யாரும் அதைப் பேசுவதில்லை. மரால் டீச்சரும் கேட்டதில்லை.

அந்த ஆண்டு கோடை முகாமுக்கு நாலாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஓட்டத்தில் முதலாவதாக வந்த இர்மா, இரண்டாவதாக வந்த நான். இசிக்குல் ஏரிக்கரையில் இருபத்து நாலு நாள். இர்மா அதுவரை ஆற்றைவிடப் பெரிய தண்ணீரைப் பார்த்ததில்லை. அவள் அம்மா மஞ்சள் பூப்போட்ட பழைய திரைச்சீலையை வெட்டி அவளுக்கு நீச்சல் உடை தைத்தார். அதைப் போட்டுக்கொண்டு இர்மா வீட்டுக்குள்ளேயே நீந்திக் காட்டினாள்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை நான் அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்பில் வெங்காயத் தோலைக் கொதிக்கவைத்து, ஈஸ்டர் வழக்கப்படி அதில் முட்டைகளைப் போட்டுச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை முட்டை உள்ளே போய்ச் செம்பழுப்பாக வெளியே வருவதைப் பார்த்தால் யாரால் சும்மா இருக்க முடியும்? சாயம் ஆறியதும் நானும் கையை விட்டேன். இருவருக்கும் பத்து விரலும் பழுப்பு.

திங்கட்கிழமை காலை மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி வகுப்புக்கு வந்தார். கையில் நோட்டு. கூடவே மரால் டீச்சர், முகம் வாடி.

“எல்லாரும் கையை மேஜை மேல வைங்க” என்றார் டீச்சர் மெதுவாக.

எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். போன வருடம் பெரிய வகுப்பில் இப்படித்தான் பார்த்தார்கள். விரலில் முட்டைச் சாயம் இருந்தால், ஈஸ்டர் கொண்டாடியதாக நோட்டில் பெயர். பெயர் ஏறினால் முகாம் கிடையாது. நான் முந்தின நாள் முழுக்கச் சாம்பலும் சோடாவும் போட்டுத் தேய்த்திருந்தேன். தோல்தான் உரிந்தது, சாயம் அப்படியே இருந்தது.

இர்மா முதல் வரிசை. நான் மூன்றாவது.

இர்மா எழுந்தாள். அதிகாரி அவள் மேஜை முன் நின்றார். “இது என்ன?”

அவள் பதில் சொல்லுமுன் டீச்சர் முந்திக்கொண்டார். “வீட்டுல வெங்காயம் உரிச்சியா இர்மா? அம்மாவுக்கு ஒத்தாசையா?”

டீச்சர் தப்பிக்க ஒரு வழியைத் திறந்துவிட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏரி.

“ஆமா டீச்சர், வெங்காயத் தோல்தான்” என்றாள் இர்மா.

“சரி, உக்காரு.”

அவள் உட்காரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். மேஜைமேல் இருந்த என் கையையும் பார்த்தாள். அதிகாரி அதற்குள் இரண்டாம் வரிசைக்கு வந்துவிட்டார்.

“டீச்சர், நான் முழுசா சொல்லல” என்றாள். “வெங்காயத் தோல்ல முட்டைக்குச் சாயம் போட்டோம். நேத்து எங்களுக்கு ஈஸ்டர்.”

அதிகாரி திரும்பி வந்தார். “அப்போ நீ சாமி கும்பிடறவளா?”

“ஆமா.”

“வேற யாரு?”

“இந்த வகுப்புல இயேசுவைக் கும்பிடறது நான் ஒருத்திதான். மத்தவங்க கையைப் பார்த்து என்ன பண்ணப் போறீங்க?”

அது உண்மைதான்; மற்ற ஜெர்மன் வீட்டுப் பிள்ளைகள் வேறு வகுப்புகளில் இருந்தார்கள். அதிகாரிக்கு வேண்டியது ஒரு பெயர், அது கிடைத்துவிட்டது. தலைமையாசிரியர் அறையிலிருந்து அவருக்காக ஏற்பாடாகியிருந்த விருந்தின் ஆட்டிறைச்சி வாசனை வேறு வந்துகொண்டிருந்தது. இர்மாவின் பெயரை எழுதிக்கொண்டு நோட்டை மூடினார். என் வரிசைக்கு வரவே இல்லை.

அன்று மதியம் தட்டு வந்தது. இர்மா கையைக் கோத்தாள், கண்ணை மூடினாள். ஊதவில்லை. கூடமே அவளைப் பார்த்தது. சூரா அக்கா கரண்டியைத் தூக்கியபடியே நின்றார். அவள் கண்ணைத் திறந்த பிறகுதான் அடுத்த தட்டில் ஊற்றினார்.

“ஏன்டி உக்காராம நின்னே? டீச்சர்தான் விட்டுட்டாங்களே” என்றேன் வீட்டுக்குப் போகும் வழியில்.

“உக்காந்திருந்தா வருஷம் பூரா ஊதிக்கிட்டே இருக்கணும். எத்தனை நாள் ஊதறது?”

“எனக்காக இல்லையா?”

“அதுவும்தான். ஒரே வகுப்புல ரெண்டு பேரு வெங்காயம் உரிச்சாங்கன்னா எந்த ஆளு நம்புவான்?”

சிரித்தாள். இரண்டு வீடு தாண்டியதும் அழுதாள். நன்றாகவே அழுதாள். நீச்சல் உடைக்குப் பொத்தான் தைக்கவேண்டியது மட்டும்தான் பாக்கியாம்.

மறுநாள் முகாம் பட்டியலில் அவள் பெயர் மேல் கோடு போட்டிருந்தது. “நானும் போகலடி” என்றேன்.

“லூசு. நீயும் போகலன்னா ஏரி எப்படி இருக்குன்னு யாரு எனக்குச் சொல்றது?” என்று மஞ்சள் பூ நீச்சல் உடையைக் கொண்டுவந்து கொடுத்தாள். “இதைப் போட்டுக்கிட்டுப் போ. இதுவாவது ஏரியைப் பார்க்கட்டும்.”

போனேன். ஆகஸ்டில் திரும்பி வந்தேன். பையை வீட்டில் போட்டுவிட்டு நேரே அவள் வீட்டுக்கு ஓடினேன். அவள் அம்மா கிணற்றுத் தண்ணீரில் குளிரவைத்த தர்பூசணியை வெட்டிக்கொண்டிருந்தார். நீச்சல் உடையை நீட்டினேன்.

இர்மா அதை முகர்ந்து பார்த்தாள். “தண்ணி உப்பா?”

“லேசா. அக்கரை தெரியவே தெரியாது. அலை வேற அடிக்கும்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்னை எல்லாரும் ஊதல்காரின்னு கூப்பிட்டாங்க.”

“எதுக்கு?”

“எல்லாம் உன்னாலதான். முதல் நாள் கஞ்சி வெச்சாங்க. எல்லாரும் சாப்பிடறாங்க, எனக்குக் கை போகல. நீ முடிக்கணுமேன்னு காத்துக்கிட்டு இருக்கேன், பக்கத்துல நீ இல்ல. ‘என்ன வேடிக்கை பார்க்கிறே’ன்னு முகாம் தலைவர் அதட்டினாரு. சட்டுன்னு ஊத ஆரம்பிச்சுட்டேன். கஞ்சியோ ஆறிப்போய்க் கட்டியா கிடக்கு.”

“அப்புறம் விட்டுட்டியா?”

“எங்க விடறது? இருபத்து நாலு நாளும் மூணு வேளையும் ஊதினேன். நீ இல்லாம சாப்பிட ஆரம்பிக்கவே முடியல.”

இர்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நீச்சல் உடையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் அம்மா ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். இர்மா கண்ணை மூடினாள். கிணற்றுக் குளிர்ச்சி போகாத அந்தத் தர்பூசணித் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் முடிக்கும்வரை நான் ஊதிக்கொண்டிருந்தேன்.