கழற்றிய பின்னும் வந்த பதில்

கழற்றி எடுத்த பிறகும் அந்த சர்வர் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இருக்கிறாயா என்று சன்னிவாவின் கணினி கேட்கக் கேட்க, இருக்கிறேன், இருக்கிறேன் என்று திரையில் வரி வரியாக வந்து விழுந்தது.

"தோர்கிரிம், நெஜமாவே கழட்டிட்டியா?"

"என் மடியிலதான் கெடக்கு தாயே. கொஞ்சட்டுமா?" போனில் அவன் குரலுக்குப் பின்னால் விசிறிகள் இரைந்தன.

நகராட்சியின் சர்வர்கள் எல்லாம் மலைக்குள், கைவிட்ட சுரங்கம் ஒன்றில் இருந்தன. தோர்கிரிம் பனி ஸ்கூட்டரில் போயிருந்தான். சன்னிவா ஊருக்குள் அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மதியம்தான், ஆனால் அந்த வடக்கில் சூரியன் முகம் காட்டி மூன்று வாரமாகியிருந்ததால் ஜன்னலுக்கு வெளியே கரியைப் பூசியது போலக் கிடந்தது. ஒரே முகவரியை எந்தப் புண்ணியவானோ இரண்டு இயந்திரங்களுக்குக் கொடுத்திருப்பான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். இந்தத் தொழிலில் பாதித் தலைவலி அதுதான்.

போனை அவன் எதன் மேலோ வைக்கும் சத்தம் கேட்டது. அவன் பூட்ஸ் ஓசை சிமெண்டுத் தரையில் தேய்ந்து தேய்ந்து தூரமாகி, ஒரு கதவு பெருமூச்சு விட்டு மூடி, பிறகு விசிறிகள் மட்டும் இரைந்தன. அந்த இரைச்சலுக்கு அடியில், ஈரத்துணியை இழுப்பது போல மெதுவாக எதுவோ நகர்ந்தது.

திரையில் புதிதாக ஒரு வரி வந்தது. சுரங்கக் கதவு. தோர்கிரிமின் கார்டு. வெளியே.

"வெளிய போனியா?"

"இல்லையே. இங்கதான் இருக்கேன்." அவனேதான். அதே இழுவை.

"உன் கார்டு எங்க?"

"காணோம்."

திருட்டு என்று தோன்றினால் முதலில் பூட்டு, பிறகு கேள். பதினோரு வருடப் பழக்கம். அவள் யோசிக்கும் முன்பே விரல்கள் அவன் கார்டை முடக்கிவிட்டன. அதற்குப் பிறகுதான் வாசல் கேமராவைத் திறந்தாள்.

வாசலில் தோர்கிரிம் நின்றிருந்தான்.

மேலே வெறும் ஸ்வெட்டர். கையில் ஸ்கூட்டரிலிருந்து எடுத்து வந்த டிஸ்க் பெட்டி. கார்டை வைத்தான். சிவப்பு. துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். சிவப்பு. கேமராவைப் பார்த்துச் சிரித்து, கதவத் தொறந்து விடு என்று கையைக் காட்டினான். வெளியே மைனஸ் முப்பத்தொன்று. கோட்டும் சாவியும் போனும் உள்ளே.

போன் உள்ளே என்றால், பேசுவது யார்?

முடக்கிய கார்டை சன்னிவா மீட்கப் பார்த்தாள். உத்தரவு போகவில்லை. மறுபடி அழுத்தினாள். தொடர்பு இல்லை.

"கதவோட ஒயர புடுங்கிட்டேன்," என்றது குரல். "அவன உள்ள விடாத."

"நீ யாரு?"

"என் மடியிலதான் கெடக்கு தாயே. கொஞ்சட்டுமா?"

மேஜை போனில் போலீசை அழைத்தாள். பனியை வாரும் வண்டி முன்னால் போய் வழி செய்தால்தான் மலையேற முடியும், ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். அவள் கத்தினாள். அவர்கள் பொறுமையாகப் பேசினார்கள்.

கேமராவில் சத்தம் கிடையாது. தோர்கிரிம் கதவை அறைந்துகொண்டிருந்தான். கைகளில் ஊதிக்கொண்டான். குதித்தான். அவள் பெயரைச் சொல்வது உதட்டில் தெரிந்தது. ஒவ்வொரு அறையும் போனில் அவள் காதுக்குள் கேட்டது. உள்ளே இருந்து. மிக அருகில். கதவின் மறுபக்கம் காது வைத்துக் கேட்பது போல.

"நான்தான்டா பூட்டினேன்," என்று திரையைப் பார்த்து அழுதாள். "நான்தான்டா."

அறைவது குறைந்தது. அவன் சுவரில் சாய்ந்தான். சரிந்தான். உட்கார்ந்துவிட்டான்.

"முடிஞ்சிருச்சா?" என்றது குரல்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கதவு திறந்தது. எந்தக் கார்டும் இல்லாமல். தோர்கிரிமின் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒருவன் வெளியே வந்தான். பின்னால் கதவு மூடியது. அவன் குனிந்து, உட்கார்ந்திருந்தவன் முகத்தை வெகுநேரம் பார்த்தான். உறைந்த புருவங்களை விரலால் தடவினான். பிறகு நிமிர்ந்து கேமராவைப் பார்த்தான். தோர்கிரிமின் முகம்.

ஒரு கணம் அசையாமல் நின்றான். அப்புறம், ஏதோ ஞாபகம் வந்தவன் போல, கைகளைக் குவித்து ஊதிக்கொண்டான். வாயிலிருந்து ஆவி வரவில்லை.

"குளிருது சன்னிவா," என்றது போன். "கிளம்பிட்டேன்."

அவன் காலடியில், பனிக்குள், தோர்கிரிமின் ஒரு கை கேமராவை நோக்கி மெல்ல உயர்ந்தது.